சத்தம் வந்தால் மரம் இருக்கிறது என்று நம்பாதீர்கள்: ஸ்டட் ஃபைண்டர் பிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில் என் தங்கச்சி வீட்டில் சேலைத் தொட்டில் கட்ட சீலிங்கில் ஒரு கொக்கி போட வேண்டியிருந்தது. ஜூலை மாதம், ஒரு வாரமாக விடாத மழை. பலகைக்குப் பின்னால் மரச்சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடும் கருவியான ஸ்டட் ஃபைண்டரை ஓட்டினேன். விளக்கு எரிந்தது, சத்தமும் வந்தது. துளை போட்டுக் கொக்கியைத் திருகினேன். திருகும்போதே லேசாகத்தான் இருந்தது, கருவியை நம்பி அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பிள்ளையைப் போடும் முன் கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். கொக்கி கையோடு வந்துவிட்டது. அங்கே சட்டமே இல்லை. கூரைத் தகரத்தில் ஒழுகிய தண்ணீர் அந்த இடத்தில் பலகையை ஊற வைத்திருந்தது. கருவி காட்டியது அந்த ஈரத்தை. அன்று இழுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

இந்தக் கருவிக்கு மரத்தை அடையாளம் தெரியாது. சுவரில் ஒரு மெல்லிய மின்புலத்தைப் பரப்பி, நகர்த்த நகர்த்த அது எங்கே மாறுகிறது என்று பார்க்கும். பலகைக்குப் பின்னால் வெறும் காற்று இருந்தால் ஒரு அளவு, கட்டை இருந்தால் கொஞ்சம் கூடிய அளவு. அந்தக் கூடுதலைத்தான் சத்தமாகச் சொல்கிறது. ராபர்ட் ஃபிராங்க்ளின் என்பவர் 1978-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அங்கே 16 அங்குலத்துக்கு ஒன்றாக மரச்சட்டங்களை நிறுத்தி, அதன் மேல் ஜிப்சம் பலகை அடித்துச் சுவர் கட்டுவார்கள். அப்படிப்பட்ட காய்ந்த, சீரான சுவருக்காகப் பிறந்த கருவி இது. நம் மலைநாட்டு வீடு அப்படி இல்லை என்பதை மறப்பதிலிருந்துதான் பாதித் தவறுகள் வருகின்றன.

முதலில் ஈரம். ஒரு பொருள் மின்புலத்தை எவ்வளவு மாற்றும் என்பதைச் சொல்லும் எண்தான் மின்காப்பு மாறிலி. காற்றுக்கு அது 1. காய்ந்த மரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். தண்ணீருக்கோ 80 அளவில். அதனால் கொஞ்சம் ஈரம் கசிந்த பலகைகூடக் கருவிக்குத் தடித்த கட்டை போலத் தெரியும். மேற்கு மலையில், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் சீலிங்கில் கருவி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பதுளை, பண்டாரவளை பக்கம் வடகிழக்கு மழைக்காலத்தில்தான் இந்தத் தொல்லை. அவசரம் இல்லாத வேலை என்றால் சுவர் காய்ந்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். பழுப்பு நிறத் தண்ணீர்க் கறை இருக்கும் இடத்தை எந்தக் காலத்திலும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, எந்தச் சுவர் என்று பார்க்காமல் கருவியைக் கையில் எடுப்பது. பழைய தோட்ட லயன் வீடுகளில் பல சுவர்கள் கருங்கல்லோ செங்கல்லோ வைத்துச் சீமெந்தோ சுண்ணாம்போ பூசியவை. அதற்குள் சட்டம் கிடையாது. கருவி எங்கே வைத்தாலும் கத்தும், அல்லது எங்குமே கத்தாது. அங்கே ட்ரில் போட்டு ரோல் பிளக் (திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் சிறு உறை) இறக்குவதுதான் வழி. தகரம் அடித்த மறைப்பிலும் இது பயன்படாது, உலோகம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். பலகைத் தடுப்பு, ஜிப்சம் தடுப்பு, சீலிங் பலகை, இவற்றுக்குத்தான் இந்தக் கருவி.

பொத்தானை அழுத்தும் இடத்திலும் பலர் தவறுகிறார்கள். கருவி முதலில் தொட்ட இடத்தை ‘வெறுமை’ என்று எடுத்துக்கொள்ளும். தற்செயலாகச் சட்டத்தின் மேலேயே வைத்து அழுத்திவிட்டால் அப்புறம் அது சொல்வதெல்லாம் தப்பு. ஒன்றும் காட்டவில்லை என்றால் நாலு விரல் தள்ளி வைத்து மறுபடி தொடங்குங்கள். தொடங்கியபின் தூக்காமல், சாய்க்காமல், மெதுவாக இழுங்கள். மற்றக் கையைக் கருவிக்குப் பக்கத்தில் சுவரில் ஊன்றாதீர்கள், உடம்பும் அந்த மின்புலத்தை மாற்றும். கையைக் கருவியிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும். இடமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை ஓட்டி இரண்டு ஓரத்தையும் பென்சிலால் குறியுங்கள். துளை நடுவில் போக வேண்டும். ஓரத்தில் போட்டால் சவுக்குக் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடும்.

வயர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பல கருவிகளில் மின்சாரத்தைக் காட்டும் விளக்கு ஒன்று உண்டு. அது எரியாவிட்டால் வயர் இல்லை என்று எண்ணுவது உயிருக்கே ஆபத்து. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்சாரம் ஓடாத வயரையும், இரும்புக் குழாய்க்குள் போகும் வயரையும், ஆழத்தில் இருக்கும் வயரையும் அது காட்டாது. அதனால் மின்சாரமும் சுவிட்சுகளும் போட்ட நிலையில் தேடுங்கள். துளை போடும்போது மெயினை நிறுத்துங்கள். சுவிட்ச், பிளக் இருக்கும் இடத்துக்கு நேர் மேலும் கீழும் துளையே வேண்டாம்.

சீலிங்குக்கு வருவோம், நான் சறுக்கிய இடம் இதுதான். சாதாரணக் கருவி சுமார் 19 மில்லிமீட்டர் ஆழம்தான் பார்க்கும். சீலிங் பலகை அடித்திருக்கும் ரீப்பையை, அதாவது மெல்லிய மரச்சட்டத்தை, அது காட்டும். அதற்கு மேலே இருக்கும் உத்திரம் அதன் எல்லைக்கு வெளியே. ரீப்பை பலகையைத் தாங்க அடித்தது, பிள்ளை தூங்கும் தொட்டிலைத் தாங்க அல்ல. கட்டையைக் கறையான் தின்றிருந்தாலும் கருவி அதைச் சொல்லாது. ஆக, கருவி காட்டிய இடத்தில் மெல்லிய ட்ரில் முனையால் ஒரு சிறு துளை போட்டுப் பாருங்கள். மரத்தூள் சுருள் சுருளாக, முழு ஆழத்துக்கும் ஒரே இறுக்கத்துடன் வர வேண்டும். வெள்ளைப் பொடி வந்தவுடன் முனை வெறுமைக்குள் விழுந்தால், அங்கே பலகை மட்டும்தான். மாவு போன்ற மண் நிறத் தூள் என்றால் கட்டை மக்கிவிட்டது.

பழைய தட்டைச் சீலிங் அஸ்பெஸ்டஸ் ஷீட்டாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் காய்ந்தபடி ட்ரில் போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை போகும். ஷீட்டை நனைத்து, கைத்துளைப்பானால் மெதுவாகச் செய்யுங்கள். முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள்.

தொட்டிலுக்கு மட்டும் கயிற்றை உத்திரத்திலேயே கட்டுங்கள், சீலிங்கை வெட்டித் திறக்க வேண்டியிருந்தாலும் சரி. கட்டியபின் 25 கிலோ அரிசி மூட்டையை ஒரு இரவு தொங்கவிட்டு, காலையில் கட்டு இறங்கியிருக்கிறதா, கட்டையில் கீறல் ஓடியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.