வாயு குறைந்தால் கழிவுநீரைக் கூட்டாதீர்கள்

சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளி அரைக்கும் மும்முரத்தில்தான் மார்கழி பிறக்கிறது. அங்கே கழிவுநீரைச் செரிப்பான் என்ற மூடிய தொட்டியில் விட்டு, நுண்ணுயிரிகளைக் கொண்டு எரிவாயு எடுக்கிறோம். புதிதாகப் பொறுப்பேற்ற ஆபரேட்டர் யாராவது அப்போது என்னை அழைப்பார்: "வாயு குறைந்துவிட்டது சார், கழிவுநீரைக் கூடுதலாக விட்டிருக்கிறேன்." எத்தனை வருடம் கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. நானும் அதையே செய்து கெடுத்தவன். கீழே தலைப்பாக வைத்திருப்பவை எல்லாம் செய்யக்கூடாத தவறுகள்.

குளிரில் தீனியைக் கூட்டுவது

கழிவுநீர்தான் செரிப்பானுக்குத் தீனி. அதற்குள் நுண்ணுயிரிகளில் ஒரு கூட்டம் மாவை அமிலமாக்குகிறது. இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாக்குகிறது. இரண்டாவதற்கு 35 முதல் 37 டிகிரி வேண்டும். குளிர்ந்தால் அதுதான் முதலில் சோர்ந்துபோகும். அமிலம் செய்யும் கூட்டமோ குளிரை ஓரளவு தாங்கும். ஆக, வாயு குறைவது பசியால் அல்ல, போட்டது செரியாததால். சேகோ கழிவுநீர் ஏற்கெனவே புளித்தது, அமிலத்தைத் தாங்கும் காரத்தன்மையும் அதில் குறைவு.

அன்று நான் கால் பங்கு கூட்டினேன். இரண்டு நாள் வாயு மீட்டர் ஏறியது; மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பில் சுடர் நிற்கவில்லை, பற்றவைத்தால் திணறி அணைந்தது. ஏறியது மீத்தேன் அல்ல, கரியமில வாயு. மறுநாள் வெளியேறும் நீரில் ஊசிப்போன கஞ்சி வாடை, பி.எச். 6.1. தீனியை நிறுத்தி, சுண்ணாம்பு கரைத்து ஊற்றி, டிராக்டரில் சாணம் கொண்டுவந்து கரைத்துவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப ஆறு வாரம் ஆனது. அதுவரை அடுப்புக்கு விறகு வாங்கினோம்.

தொட்டிநீர் குளிர்ந்து வாயு இறங்கினால் தீனியைக் குறையுங்கள். பி.எச். எச்சரிப்பதற்குள் காலம் கடந்துவிடும். முதல் கூட்டம் செய்யும் ஆவியாகும் அமிலத்துக்கும் அதைத் தாங்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். 0.3-ஐத் தாண்டினால் கவனம், 0.4-ஐத் தாண்டினால் உடனே குறைப்பு.

காற்றின் வெப்பநிலையை ஏட்டில் எழுதுவது

செரிப்பானுக்குள் இருக்கும் நீரின் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள்.

ஒரேயடியாகச் சூடேற்றுவது

குளிர்ந்த செரிப்பானை நாளுக்கு ஒரு டிகிரி ஏற்றினால் போதும்.

காற்றூட்டும் தொட்டியைக் காலையில் மட்டும் சோதிப்பது

காற்றை ஊதி நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டி இது. கோடையில் இதன் சிக்கல் வேறு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5 மட்டுமே. அதே வெப்பத்தில் நுண்ணுயிரிகளின் மூச்சோ வேகமாகும். காலை ஏழு மணிக்கு நல்ல அளவு காட்டிய தொட்டி பிற்பகலில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு ஆக்சிஜன் மீட்டரை இறக்கிப் பாருங்கள், அந்த அளவை வைத்து, காற்றை ஊதும் புளோயரை ஓட்டுங்கள்.