கைவினைத் தளத்தின் வருகைக் கணக்கு எங்கே பிசகுகிறது?

தோடர் எம்பிராய்டரி என்பது துணியின் இழைகளை எண்ணி எண்ணிக் கறுப்பும் சிவப்புமாக நூல் ஏற்றும் வேலை. ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். அடுத்த தவணையில் சால்வை செய்வதா, தோள்பை செய்வதா என்பதை இணையதளத்தின் வருகைக் கணக்கைப் பார்த்து முடிவு செய்தால், அந்தக் கணக்கில் இருக்கும் பிழை ஊசி பிடிப்பவரின் உழைப்பையே தவறான பக்கம் திருப்பிவிடும். தேன்மெழுகு மெழுகுவர்த்தி, மண்பாண்டம், கையால் செய்த சோப்பு என எதை விற்றாலும் இதே நிலைதான். சின்னக் கடை என்பதால் பிழையைத் தாங்கும் இடம் குறைவு.

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துச் சிறு தளங்களில் வருகையை எண்ணும் கூகுளின் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைக் கணக்கில் ஏற்பதில்லை. இப்போது இருப்பது கூகுள் அனலிட்டிக்ஸ் 4, சுருக்கமாக ஜிஏ4. இங்கே சொல்லும் படிகள் அதற்கானவை.

நம் வீட்டு ஆட்களையே வாடிக்கையாளர் என்று எண்ணுவது

ஒரு நாளைக்கு 20 பேர் வரும் தளத்தில், புதிய பொருள் ஏற்றும் நாளன்று நீங்களும் படம் எடுத்தவரும் பார்சல் கட்டுபவரும் சேர்ந்து 30 முறை பக்கத்தைத் திறந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது. "புதுப் பை ஏற்றிய அன்றே கூட்டம் வந்தது" என்று தோன்றும். வந்தது நாம்தான்.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு, நம் ஐபி முகவரியை, அதாவது நம் இணைய இணைப்பின் எண்ணை, கணக்கிலிருந்து விலக்குவது. அட்மின் பகுதியில் டேட்டா ஸ்ட்ரீம்ஸ், அதற்குள் டேக் செட்டிங்ஸ், அதில் "இன்டர்னல் ட்ராஃபிக்" என்ற இடத்தில் முகவரியைக் கொடுக்கலாம். ஆனால் அங்கே இரண்டு குழிகள் உண்டு. முகவரியைக் கொடுத்ததோடு வேலை முடியாது. டேட்டா ஃபில்டர்ஸ் பக்கத்தில் அந்த வடிகட்டி "டெஸ்டிங்" நிலையிலேயே நிற்கும். அதை "ஆக்டிவ்" என்று மாற்றினால்தான் வேலை செய்யும், அதுவும் ஓரிரு நாள் கழித்தே. மாற்றிய பிறகு விலக்கப்பட்டதைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

இரண்டாவது குழிதான் மலைப்பகுதியில் பெரிய தொல்லை. பட்டறையில் பிராட்பேண்ட் இல்லாமல் மொபைல் டேட்டாவில் வேலை செய்பவர்கள் ஏராளம். மொபைல் நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, அடிக்கடி மாற்றவும் செய்கின்றன. இன்று உங்கள் போன் காட்டும் முகவரியை விலக்கினால் நாளை நீங்கள் வேறு முகவரியில் எண்ணப்படுவீர்கள். அதே நேரம், யாரோ ஒரு வாடிக்கையாளர் கணக்கிலிருந்து காணாமல் போவார். ஆகவே மொபைல் டேட்டாவில் ஐபி வடிகட்டியைத் தொடவே வேண்டாம். தளம் வேர்ட்பிரஸில் இருந்தால் கூகுளின் சைட் கிட் செருகுநிரலில் (பிளகின்), உள்நுழைந்திருப்பவர்களை எண்ணாமல் விடும் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டு, பட்டறைப் போன்களில் எப்போதும் உள்நுழைந்தே இருங்கள். மேசைக் கணினிக்குக் கூகுள் தரும் அனலிட்டிக்ஸ் விலகல் ஆட்-ஆன் போதும். இன்ஸ்டாகிராமுக்குள்ளிருந்து தளத்தைத் திறந்தால் அந்த உள்நுழைவு செல்லாது என்பதை மட்டும் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

இத்துடன் இன்னொன்றையும் பாருங்கள். வருகையை எண்ணும் குறி (டேக்), தளத்தின் வடிவமைப்பான தீமில் ஒருமுறையும் செருகுநிரலில் ஒருமுறையும் ஏறியிருந்தால் ஒவ்வொரு பக்கமும் இரண்டாக எண்ணப்படும். "ரியல்டைம்" அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்நுழையாத ஒரு போனில் ஒரே ஒரு பக்கத்தைத் திறங்கள். பக்கப் பார்வை இரண்டு என்று காட்டினால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தவரை "டைரக்ட்" என்று நம்புவது

நம் ஊர்க் கைவினைக் கடைகளுக்கு ஆள் வரும் பெரிய வழி வாட்ஸ்அப்தான். ஆனால் அறிக்கையில் அந்தப் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் சொடுக்கிய இணைப்பு, எங்கிருந்து வந்தோம் என்ற தகவலைப் பொதுவாகத் தளத்துக்குக் கொண்டு வருவதில்லை. தெரியாத வழியை எல்லாம் ஜிஏ4 "டைரக்ட்" என்ற ஒரே கூடையில் போட்டுவிடும். "பாதிப் பேர் நம் முகவரியை நினைவில் வைத்து நேரே வருகிறார்கள், விளம்பரமே தேவையில்லை" என்று அதைப் படித்துவிடுகிறோம்.

அனுப்பும் இணைப்பில் அடையாளம் சேர்ப்பதுதான் மருந்து. அதற்கு யுடிஎம் என்று பெயர். மூன்று துண்டுகள் போதும்: எங்கிருந்து (சோர்ஸ்), எந்த வகை (மீடியம்), எதற்காக (கேம்பெய்ன்). கூகுளின் கேம்பெய்ன் யூஆர்எல் பில்டர் பக்கத்தில் இதை இலவசமாக உருவாக்கலாம். வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும் சால்வை இணைப்பில் சோர்ஸ் "வாட்ஸ்அப்", மீடியம் "சோஷியல்", கேம்பெய்ன் "மே சால்வை" என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஜிஏ4 வேறு வேறாகவே பார்க்கும். ஒருநாள் முதலெழுத்தைப் பெரிதாகவும் மறுநாள் சிறிதாகவும் போட்டால் ஒரே வழி இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்கும். யார் இணைப்பு அனுப்பினாலும் ஒரே பெயர் வருமாறு, பயன்படுத்தும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். எட்டு வரிக்கு மேல் தேவைப்படாது.

மீடியத்தைச் சொந்தமாகக் கண்டுபிடித்தால், உதாரணமாக "க்யூஆர்" என்று போட்டால், சேனல் அறிக்கையில் அது "அன்அசைன்ட்" (எந்த வகையிலும் சேராதது) என்று விழும். தவறு ஒன்றும் இல்லை. அப்போது சேனலைப் பார்க்காமல் "சோர்ஸ் / மீடியம்" வரிசையைப் பார்க்க வேண்டும். செய்யவே கூடாதது ஒன்று உண்டு: தளத்துக்கு உள்ளேயே, முகப்பிலிருந்து பொருள் பக்கத்துக்குப் போகும் இணைப்பில் யுடிஎம் போடுவது. கூகுளில் தேடி வந்தவர் கேட்டதையோ வாங்கியதையோ உங்கள் முகப்புப் படமே கொண்டுவந்ததாகக் கணக்கு மாறிவிடக்கூடும்.

கூகுள் மேப்பில் இருக்கும் உங்கள் கடைப் பக்கத்துக்கும் இதே சிக்கல். சீசனில் உதகை வந்தவர் மேப்பில் கடையைப் பார்த்துத் தளத்துக்கு வந்தால், அவரும் தேடி வந்தவரும் ஒரே வரியில் கலந்துவிடுவார்கள். அங்கே கொடுக்கும் தள முகவரியில் சோர்ஸ் "கூகுள்", மீடியம் "ஆர்கானிக்", கேம்பெய்ன் "மேப்" என்று சேர்த்தால் பிரிந்து தெரியும். தளத்துக்கே வராமல் மேப்பிலிருந்து நேராகப் போன் செய்பவர்களும் வழி கேட்பவர்களும் அனலிட்டிக்ஸில் எப்போதும் வரமாட்டார்கள். அந்த எண்ணிக்கை கடைப் பக்கத்தின் "பெர்ஃபார்மன்ஸ்" பகுதியில் தனியாக இருக்கிறது.

பொருளில் தொங்கும் அட்டையில் க்யூஆர் அச்சிடுபவர்கள் யுடிஎம் சேர்த்த நீண்ட முகவரியை அப்படியே அச்சிடக் கூடாது. முகவரி நீள நீளக் கட்டங்கள் நெருங்கும். கரடுமுரடான மறுசுழற்சிக் காகிதத்தில் மை கசிந்தால் போன் படிக்காது. உங்கள் தளத்திலேயே ஒரு குட்டி முகவரியை உருவாக்கி, அதை நீண்ட முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். திருப்புவது 302 வகையாக, அதாவது தற்காலிகத் திருப்பமாக, இருக்கட்டும். 301 நிரந்தரத் திருப்பம். உலாவி அதை நினைவில் வைத்துக்கொள்வதால் பிறகு மாற்றுவது கடினம். க்யூஆர் கட்டம் 2 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல், சுற்றிலும் வெற்று ஓரத்தோடு இருக்கட்டும். இலவச க்யூஆர் சேவைகளின் குறுமுகவரி காலாவதியானால் விற்ற பைகளின் அட்டைகள் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போகும். சொந்தத் தளத்தில் வைப்பதற்கு அதுவே போதுமான காரணம்.

வந்தவரை எண்ணிவிட்டு, கேட்டவரை எண்ணாமல் விடுவது

நம் தளங்களில் பாதி விற்பனை "கூடையில் சேர்" பொத்தானில் நடப்பதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டு, "அக்கா, இது வேற கலர்ல கிடைக்குமா?" என்று கேட்பதில்தான் தொடங்குகிறது. அந்தத் தொடுதலைக் கணக்கில் கொண்டுவராத அறிக்கை, கடை வாசலில் தலையை மட்டும் எண்ணுவதற்குச் சமம்.

வெளி இணைப்புகளைத் தொடுவதை ஜிஏ4 தானாகவே "கிளிக்" என்ற நிகழ்வாகப் பதிகிறது, என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் என்ற அமைப்பு இயக்கத்தில் இருந்தால். ஈவென்ட்ஸ் பக்கத்தில் புதிய நிகழ்வு ஒன்றை உருவாக்குங்கள். நிகழ்வின் பெயர் "கிளிக்", இணைப்பு முகவரியில் வாட்ஸ்அப்பின் முகவரி இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள். பிறகு அதைக் "கீ ஈவென்ட்" (முக்கிய நிகழ்வு) என்று குறியுங்கள். சில பொத்தான்கள் வாட்ஸ்அப்பின் குறுமுகவரியையும் சில நீண்ட முகவரியையும் பயன்படுத்துவதால், உங்கள் பொத்தானில் எது இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இது அமைத்த நாளிலிருந்துதான் எண்ணும்; பழையதைத் திரும்ப எண்ணாது. போன் எண்ணைத் தொட்டு அழைப்பது தானாகப் பதிவாகாது, அதற்குக் கூகுளின் டேக் மேனேஜர் கருவியில் தனி ஏற்பாடு வேண்டும்.

அறிக்கையைவிடப் பயனுள்ளது இன்னொன்று. வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே எழுதிய செய்தியை வைக்கலாம். ஒவ்வொரு பொருள் பக்கத்திலும் "தளத்தில் பார்த்தேன், சால்வை 14 பற்றிக் கேட்க வேண்டும்" என்று வைத்துவிட்டால், எந்தப் பக்கம் கேள்வியைக் கொண்டுவந்தது என்பது உங்கள் போனிலேயே தெரியும். குக்கீ வேண்டாம், ஸ்கிரிப்ட் வேண்டாம். மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து கோடு போட்டு எண்ணினால் போதும்.

தளத்தில் பணம் வாங்குபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டியவர் "நன்றி" பக்கம் திறக்கும் முன்பே உலாவியை மூடினால் அந்த விற்பனை அனலிட்டிக்ஸில் ஏறாமல் போகலாம். திரும்பி வந்தாலும் பணப் பரிவர்த்தனைத் தளமே அவரை அனுப்பியது போலக் காட்டக்கூடும்; அந்தத் தளத்தை டேக் செட்டிங்ஸில் "அன்வாண்டட் ரெஃபரல்ஸ்" பட்டியலில் சேருங்கள். ஆர்டர் புத்தகமும் அறிக்கையும் முரண்பட்டால் புத்தகம்தான் சரி.

ஊரையும் மாதத்தையும் தவறாகப் படிப்பது

நகர வாரி அறிக்கையில் சென்னை, கோவை, பெங்களூரு என்று நிறைந்திருக்கும். உதகையோ கூடலூரோ அரிதாகவே வரும். ஐபி முகவரியை வைத்து ஊகிக்கும் ஊர் அது. மொபைல் நெட்வொர்க் எந்த நகரத்தின் வழியாக இணையத்தில் சேர்கிறதோ அந்த நகரமே காட்டப்படும். குன்னூர் விடுதியில் படுத்துக்கொண்டு உங்கள் பையைப் பார்ப்பவர் கோவைக்காரராகத் தெரிவார். வாங்கியவர் எந்த ஊர் என்பதற்கு அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களை எண்ணுங்கள்: 643 நீலகிரி, 641 கோவை, 600 சென்னை, 560 பெங்களூரு. அனுப்பிய பார்சல் பொய் சொல்லாது.

ஏப்ரல், மே சீசனில் வருகை ஏறும். மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்கள் கடை நேரத்தையும் வழியையும் தேடுவார்கள். ஜூலை மழையில் அது இறங்கும்போது "தளம் படுத்துவிட்டது" என்று பதறி எதையாவது மாற்றுவது வழக்கமான தவறு. மேயை முந்தைய மேயோடு ஒப்பிட வேண்டும். "எக்ஸ்ப்ளோர்" பகுதியில் அப்படி விரிவாக ஒப்பிட, தரவு வைத்திருக்கும் காலத்தை (டேட்டா ரிடென்ஷன்) இன்றே மாற்றுங்கள். ஜிஏ4 விரிவான தரவை இயல்பாக 2 மாதங்களே வைத்திருக்கும். இலவசக் கணக்கில் 14 மாதம் வரை நீட்டலாம், ஆனால் அழிந்தது திரும்பாது. நேர மண்டலம் இந்தியா, நாணயம் ரூபாய் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எண் சிறிதாக இருக்கும்போது சதவீதமே வேண்டாம். போன மாதம் 3 பேர் கேட்டார்கள், இந்த மாதம் 6 பேர் என்றால் "இரு மடங்கு" என்று சொல்லத் தோன்றும். மாதச் சராசரி 4 என்று இருக்கும் கடையில், எதுவுமே மாறாமல் 1 முதல் 8 வரை எந்த எண்ணும் தற்செயலாக வரலாம். புதுப் படம் வேலை செய்ததா என்று அறிய குறைந்தது ஒரு காலாண்டு பொறுங்கள்.

வந்தும் எண்ணப்படாதவர்களும் உண்டு. 5 எம்பி படம் ஏறுவதற்குள் சிக்னல் போய் மூடியவர், கணக்கிடும் ஸ்கிரிப்ட் ஏறும் முன்பே போயிருப்பார். படங்களை 1,200 பிக்சல் அகலம், 200 கேபிக்குள் வெப்-பி (WebP) வடிவில் வையுங்கள். தையலை நெருங்கிப் பார்க்கப் பெரிய படம் தொட்டால் மட்டும் திறக்கட்டும்.

கடைசியாக, விசாரணைப் படிவம். பெயரும் போன் எண்ணும் அனுப்பியதும் அடுத்த பக்கத்தின் முகவரிப் பட்டையில் அவை தெரிகின்றனவா என்று நீங்களே ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். தெரிந்தால் அந்த எண் அனலிட்டிக்ஸுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கூகுளின் விதிப்படி அங்கே தனிநபர் விவரம் போகவே கூடாது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதில் பொறுப்பை உங்கள் மேல்தான் வைக்கிறது. விவரங்களை முகவரியிலேயே ஏற்றி அனுப்பும் "கெட்" முறையிலிருந்து, அப்படி ஏற்றாத "போஸ்ட்" முறைக்குப் படிவத்தை மாற்றச் சொல்லுங்கள். தளம் செய்து கொடுத்தவருக்கு அது சில நிமிட வேலை.