கோணிய தாடையைத் திருத்தும் முன் செய்யும் தவறுகள்

மோவாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதைக் கவனித்ததும் பலர் கேட்பது, "ஆபரேஷன் எப்போது செய்துகொள்ளலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும்: வளர்ச்சி நின்றுவிட்டதா?

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால் உருள்கிறதே, அந்த எலும்புக் குமிழின் பெயர் காண்டைல். ஒரு பக்கக் காண்டைல் மட்டும் மிகையாக வளர்ந்தால் மோவாய் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கும். 20 வயதைத் தாண்டியும் ஓடலாம். "18 முடிந்தது, உயரமும் நின்றுவிட்டது" என்று நம்பி, தாடையை மட்டும் வெட்டி நேராக்கிவிட்டால் குமிழ் தன் பாட்டுக்கு வளரும். கோணல் திரும்பி வரும். இரண்டாவது ஆபரேஷனுக்கு வழிவைக்கும் தவறு இதுதான்.

வளர்ச்சியை அறிய, கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எடுக்கும் ஸ்பெக்ட் எலும்பு ஸ்கேன் உதவும். இரு குமிழ்களும் அந்த மருந்தை இழுக்கும் அளவு நூற்றில் 55-க்கு 45 என்றோ அதற்கு மேலோ வேறுபட்டால் சந்தேகம் வலுக்கும். அந்த எண்ணை மட்டும் நம்புவதும் பிசகு. மூட்டில் அழற்சி இருந்தாலும் ஸ்கேன் அப்படிக் காட்டலாம். சில மாத இடைவெளியில் எடுத்த பல் அச்சுகளும் எக்ஸ்ரேக்களும் கூடவே வேண்டும். பழைய ஃபோட்டோக்களையும் தேடி எடுத்துப் போங்கள். செல்ஃபி வேண்டாம், சில போன்கள் இடவலம் மாற்றிவிடும்.

வளர்ச்சி நடக்கிறது என்றால் குமிழின் மேல்பகுதியைச் சில மில்லிமீட்டர் சீவி எடுத்து அதை நிறுத்த முடியும். தானாக நிற்கட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தால், கீழ்த்தாடையைத் தொடர்ந்து மேல்தாடையும் சாயலாம். ஒரு தாடையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டுக்கும் நீளும்.

எந்தப் பக்கம் குற்றவாளி என்பதிலும் ஏமாறுவது உண்டு. சிறுவயதில் அடிபட்டு ஒரு பக்கம் வளராமல் போனாலும், நன்றாக இருக்கும் மறுபக்கம் பெரிதாகத் தெரியும். குமிழில் ஆஸ்டியோகாண்ட்ரோமா என்ற கட்டி இருந்தாலும் இதே தோற்றம் வரும். சிடி ஸ்கேன் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது.

அடுத்தது பல் கிளிப். எலும்புக் கோணலைப் பல்லைச் சாய்த்தே மறைத்துவிடலாம் என்று ஆரம்பித்தால், பிறகு ஆபரேஷன் என்று வரும்போது அந்தச் சாய்வை முதலில் அவிழ்க்க வேண்டும். ஆபரேஷனுக்காகப் போடும் கிளிப்போ, முகத்தையும் கடியையும் (மேல், கீழ்ப் பற்கள் பொருந்தும் விதம்) முதலில் இன்னும் மோசமாகக் காட்டும். பயந்துபோய்ப் பாதியில் கழற்றுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முகத்தில் சதைப்பற்றை நிரப்பிக் காட்டும் ஃபில்லர் ஊசி எலும்புக் கோணலை மாற்றாது, அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வீக்கம் முழுதாக வடிய 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். கீழ்த்தாடையை வெட்டியிருந்தால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகலாம். பலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். இதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மேல், கீழ்ப் பற்களை இணைத்து மாட்டச் சொன்ன ரப்பர் பேண்டை வலிக்கிறது என்று கழற்றி வைத்தால், புதிதாகப் பொருத்திய கடி நழுவும்.