ஆள் பிடிக்கும் அவசரத்தில் இருப்பவரை இழக்காதீர்கள்: பணியிடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதவளப் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள், ஆட்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் என்று என்னிடம் கொண்டுவரும் திட்டங்கள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கின்றன. சுவருக்குப் புது வண்ணம், ஓய்வறையில் சோபா, காபி இயந்திரம், மாதம் ஒரு கொண்டாட்டம். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் போட்ட திட்டங்களும் இவையே. அவை எங்கே போய் முடிந்தன என்பதை அருகிலிருந்து பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். சம்பளத்தை நாள் தவறாமல் போடுங்கள், கழிப்பறையைச் சுத்தமாக வையுங்கள், நாலு பேர் முன்னால் திட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை ஒழுங்காகச் செய்யும் நிறுவனங்களிலிருந்தும் நல்ல ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வசதிகளை மட்டும் நம்புவது

அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க், பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு செய்த ஆய்வை 1959-இல் வெளியிட்டார். வேலையில் வெறுப்பை உண்டாக்கும் காரணங்கள் வேறு, நிறைவைத் தரும் காரணங்கள் வேறு என்பது அவர் கண்டது. பணிச்சூழல், நிறுவன விதிகள், மேற்பார்வை, சம்பளம் ஆகியவற்றை அவர் முதல் வகையில் வைத்தார். சாதித்த உணர்வு, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகை சரியாக இருந்தால் முணுமுணுப்பு அடங்கும். அதனாலேயே வேலை பிடித்துப்போய்விடாது. சம்பளத்தை எந்த வகையில் சேர்ப்பது என்று பின்னால் வந்தவர்கள் அவரோடு நிறையவே வாதிட்டிருக்கிறார்கள். ஆனால் சோபா விஷயத்தில் அவர் சொன்னது சரி என்பதே என் அனுபவம்.

முதுகை ஒடிக்கும் நாற்காலியை மாற்றத்தான் வேண்டும். அது கடமை. அதையே ஆள்சேர்ப்பு விளம்பரத்தின் முதல் வரியாக்கினால், சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று, சுவர்களை இடித்து எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைப்பது. அப்போதுதான் கலந்து பேசுவார்கள் என்று நம்புகிறார்கள். ஹார்வர்டின் ஈத்தன் பெர்ன்ஸ்டைன் தம் சக ஆய்வாளருடன் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த அமைப்புக்கு மாறிய இரண்டு நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது. மின்னஞ்சல்தான் கூடியது. ஒதுங்கிப் பேச ஒரு மூலை இல்லாத இடத்தில் மனிதர்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார்கள்.

"நாங்கள் ஒரு குடும்பம்" என்று விளம்பரம் எழுதுவது

வேண்டாம். எந்தக் குடும்பத்திலும் ஆட்குறைப்பு இல்லை.

புதியவருக்குக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் பழையவரிடம் மறைப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நடப்பது எப்போதும் இப்படித்தான்: வெளியே அந்த வேலைக்கான சம்பளம் ஏறிவிடுகிறது. விண்ணப்பித்தவர் அந்தத் தொகையைக் கேட்கிறார். துறைத் தலைவருக்கு அவசரம், ஒரே தொலைபேசி அழைப்பில் ஒப்புதல் கிடைத்துவிடுகிறது. ஆனால் பல ஆண்டுகளாக அதே வேலையைச் செய்பவருக்கு வழக்கமான வருடாந்திர உயர்வு மட்டும்தான். சில ஆண்டுகளில், வேலை கற்றுக்கொடுப்பவரைவிடக் கற்றுக்கொள்பவர் அதிகம் வாங்குகிறார். யாரும் திட்டமிட்டு அநியாயம் செய்வதில்லை. யாரும் ஒப்பிட்டுப் பார்க்காததால் அது தானாகவே நடக்கிறது.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் ஒரு மூத்த பணியாளர் இருந்தார். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்தத் தாங்கி (பேரிங்) தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். புதிதாகச் சேர்ந்த இளைஞருக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்திருந்தார்கள். அந்த இளைஞர் ஏதோ கடன் விண்ணப்பத்துக்காகத் தன் சம்பளச் சீட்டை நகல் எடுத்துவிட்டு, மூலப் பிரதியை இயந்திரத்திலேயே மறந்துவிட்டுப் போனார். அடுத்து நகல் எடுக்க வந்தவர் பயிற்சி கொடுத்த மூத்தவர்.

அவர் சத்தம் போடவில்லை. மேலாளரிடம் போய், இது சரியா என்று ஒருமுறை கேட்டார். "அடுத்தவர் சீட்டை நீங்கள் பார்த்ததே தவறு" என்பதுதான் கிடைத்த பதில். கேள்விக்குப் பதில் இல்லை, கேட்டவர் மீது குற்றம்! சில வாரங்களில் ராஜினாமா கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் நிர்வாகம் பதறிப்போய், இளைஞர் வாங்குவதைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. "இந்தப் பணம் இத்தனை நாள் எங்கே இருந்தது?" என்று கேட்டுவிட்டு அவர் கிளம்பிவிட்டார். அவரை நம்பி இருந்த வேறு சிலரும் பின்னாலேயே போனார்கள். பயிற்சி பாதியில் நின்றுபோன அந்த இளைஞரும் நிலைக்கவில்லை. இயந்திரம் நின்ற ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். அந்த மூத்தவருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த தொகையைப் போலப் பல மடங்கு அதற்கே செலவானது. இவ்வளவுக்கும் பிறகு நடந்த கூட்டத்தில், "அவருக்குப் பணத்தாசை" என்று பேசி முடித்தார்கள். பணம் மட்டுமே குறி என்றால் கூடுதலாகத் தருவதாகச் சொன்னபோது தங்கியிருப்பாரே! அவரைக் காயப்படுத்தியது தொகை இல்லை, ஒப்பீடு.

மனிதர்கள் தாம் கொடுக்கும் உழைப்பையும் பெறும் பலனையும் பக்கத்தில் இருப்பவரோடு நிறுத்துப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் 1963-லேயே விளக்கியிருக்கிறார். 2012-இல் வெளிவந்த பொருளாதார ஆய்வு ஒன்று இதைக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களிடம் சோதித்தது. சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்கும் இணையதளம் பற்றி ஒரு பகுதியினருக்கு மட்டும் தெரிவித்தார்கள். தம் பிரிவின் சம்பள வரிசையில் நடுவில் இருக்கும் தொகைக்குக் கீழே வாங்கியவர்களிடம் மனநிறைவு குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களோ அதனால் கூடுதலாக மகிழ்ந்துவிடவில்லை. ஆக, ஏற்றத்தாழ்வு தெரியவரும்போது நிறுவனத்துக்கு நட்டம் மட்டுமே மிஞ்சுகிறது. தெரியாமலே போய்விடும் என்று எண்ணுகிறவர்கள் ஒரே மேசையில் சாப்பிடும் மனிதர்களை அறியாதவர்கள்.

செய்ய வேண்டியது கடினமானதன்று. நியமனக் கடிதம் கையெழுத்தாகும் முன், அதே வேலையில் உள்ளே இருக்கும் எல்லோருடைய சம்பளத்தையும் ஒரு தாளில் எழுதி, புதியவரின் தொகையை அதன் கீழே எழுதுங்கள். கண்ணை உறுத்தினால், உள்ளே இருப்பவர்களின் சம்பளத்தை அதே மாதத்தில் திருத்துங்கள். எல்லோருக்கும் திருத்தப் பணம் இல்லையென்றால், அந்தப் புதியவரை அந்தத் தொகைக்கு எடுக்க உங்களால் முடியாது என்றுதான் அர்த்தம். புதியவரிடம் நிஜமாகவே அரிய திறமை இருக்கிறதென்றால், அது என்ன, அதே தொகையைப் பழையவர் பெற எதைக் கற்க வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள். எழுத முடியாத காரணம் காரணமே இல்லை.

ஹென்றி போர்டின் கார் தொழிற்சாலையில் 1913-இல் ஆட்கள் மாறிய விகிதம் ஏறக்குறைய 370 சதவீதம். ஒரே இடத்தை நிரப்ப வருடத்தில் மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் அவர் நாள் சம்பளத்தை ஐந்து டாலராக ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தபோது அந்த விகிதம் சரிந்தது. வேலை கேட்டு வாசலில் கூட்டம் அலைமோதியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தத் தொகை முதலில் போனது ஆறு மாதமாவது உள்ளே வேலை செய்தவர்களுக்கு. தொழிலாளரின் வீட்டு வாழ்க்கையை வேவு பார்த்த அதன் நிபந்தனைகளை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். வரிசையில் யாரை முன்னால் நிறுத்தினார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ராஜினாமாவுக்குப் பிறகு சம்பளத்தை உயர்த்துவது

கடிதம் நீட்டினால்தான் இங்கே காது கேட்கும் என்று மற்ற எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

நேர்காணலில் வேலையை அழகுபடுத்திக் காட்டுவது

"இரவு ஷிப்ட் எப்போதாவது வரும்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் வாரமே இரவு ஷிப்டில் போடுகிறார்கள். மூன்றாம் மாதம் ஆள் இல்லை. வேலையின் கஷ்டங்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று ஜான் வேனஸ் போன்ற ஆய்வாளர்கள் 1970-களிலிருந்தே எழுதி வருகிறார்கள். சிலர் அப்போதே விலகிக்கொள்வார்கள். விலகட்டும். தேர்வானவரை, சேர்வதற்கு ஒப்புக்கொள்ளும் முன், மேலாளர் இல்லாமல் அந்தக் குழுவோடு அரை நாள் உட்கார வைப்பதை நான் வற்புறுத்துவேன். குழுவினர் உண்மையைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு வந்தால், சரிசெய்ய வேண்டியது எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் நாள் ஆயத்தம் இல்லாமல் இருப்பது

இருக்கை, கணினி, கடவுச்சொல், சாப்பிட உடன் அழைத்துப்போக ஒருவர். இவை அவர் வருவதற்கு முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும்.

நன்றாக வேலை செய்பவரை அப்படியே மேலாளராக்குவது

கணினி நிரல் எழுதுவதில் கெட்டிக்காரர், விற்பனையில் முதலிடம், அதனால் பதவி உயர்வு. அடுத்தவரின் தவறைப் பொறுமையாகத் திருத்தத் தெரியுமா, விடுப்பு கேட்டால் முகம் சுளிக்காமல் இருப்பாரா என்று யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் நல்ல தொழிலாளி ஒருவரை இழந்து, குழுவையும் இழக்கிறோம். ஆட்களை மேய்க்காமலேயே பதவியும் சம்பளமும் உயர ஒரு தனிப்பாதை இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விடுமுறை நாளில் "குழு உல்லாசம்"

விடுமுறை நாள் அவர்களுடையது.

நேரத்தை இறுக்கிப் பிடிப்பது

ஒரு பெரிய பயண நிறுவனத்தின் 1,600-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனை 2024-இல் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதித்தபோது, வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். பணித்திறன் குறையவில்லை. எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. இயந்திரத்தின் முன் நிற்பவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் ஷிப்ட் அட்டவணையை முன்கூட்டியே ஒட்டலாம். இருவர் தமக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள விடலாம்.

போகும்போது மட்டும் காரணம் கேட்பது

போகிறவருக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும். அவர் ஏன் உண்மையைச் சொல்லப் போகிறார்? இருப்பவரைக் கேளுங்கள். கடைசியாக எப்போது வேறு வேலை தேடத் தோன்றியது, அன்று என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வரும். கேட்டதில் ஒன்றையாவது அந்த மாதத்துக்குள் செய்து கொடுங்கள். முடியாததை முடியாது என்றும், ஏன் என்றும் அவரிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள்.