கணக்கு பூட்டிக்கொண்டதா? கடவுச்சொல்லை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்ததும் சர்வர் நிர்வாகிக்கு வரும் முதல் அழைப்பு பெரும்பாலும் "சார், என் அக்கவுன்ட் மறுபடியும் லாக் ஆயிடுச்சு" என்பதாகத்தான் இருக்கும். பூட்டைத் திறந்து புதிய கடவுச்சொல் கொடுத்து அனுப்பினால், பதினோரு மணிக்கு அவரே மீண்டும் அழைப்பார். திறப்பது அரை நிமிட வேலை. தவறான கடவுச்சொல்லை எந்தக் கருவி அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காதவரை அந்தக் குறை தீராது.

விண்டோஸ் டொமைனில் (அலுவலகக் கணக்குகளையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இதற்கான விடை, கடவுச்சொற்களைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் செக்யூரிட்டி பதிவேட்டிலேயே இருக்கிறது. பல கன்ட்ரோலர்கள் இருந்தால், அவற்றில் பூட்டு விவரங்கள் வந்து சேரும் பிடிசி எமுலேட்டர் பொறுப்பை வகிக்கும் சர்வரில் 4740 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். பூட்டப்பட்ட கணக்கின் பெயரோடு, கோரிக்கை வந்த கணினியின் பெயரும் அதில் பதிவாகியிருக்கும். அந்தக் கணினியில் லாகின் தோல்வியைக் குறிக்கும் 4625 நிகழ்வைப் பார்த்துவிட்டு, சேமித்து வைத்த கடவுச்சொற்கள், பழைய நெட்வொர்க் டிரைவ் இணைப்புகள், அந்தப் பயனரின் பெயரில் ஓடும் சர்வீஸ்கள், நேரம் குறித்து வைத்த டாஸ்க்குகள் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

கணினியின் பெயருக்குப் பதில் மின்னஞ்சல் சர்வரின் பெயரோ வைஃபை அனுமதி சர்வரின் பெயரோ இருந்தால், முதலில் செல்பேசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அம்பத்தூரில் ஓர் அலுவலகத்தில், கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் கணக்கு தினமும் காலையில் அவர் வந்து அமர்ந்த சிறிது நேரத்தில் பூட்டிக்கொண்டது. அவரது செல்பேசியை நான் இருமுறை சோதித்தும் குறை எதுவும் தெரியவில்லை. பழைய சிம்முக்கு வரும் ஓடிபிக்காக மேசை இழுப்பறையில் இன்னொரு செல்பேசியை அவர் வைத்திருந்தார். காலையில் அதைச் சார்ஜரில் செருகியவுடன், சென்ற மாதத்துக் கடவுச்சொல்லோடு வைஃபையில் நுழைய அது முயன்றுகொண்டே இருந்தது. "வேறு செல்பேசி ஏதாவது உண்டா?" என்று முதல் நாளே கேட்டிருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

ஒருவர் அல்ல, பலர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைய முடியவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். விண்டோஸ் டொமைன் பயனரைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையில், பயனரின் கணினி, சர்வர் ஆகிய இரு தரப்பின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால், சரியான கடவுச்சொல்லும் ஏற்கப்படாது. இந்த வரம்பு இயல்பாகவே அமைந்திருப்பது. சென்னையில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தப்படும் மின்சாரம் பிற்பகலில்தான் வரும். அதற்குள் யுபிஎஸ் இறங்கி, மதர்போர்டு பேட்டரியும் செத்திருந்தால், மீண்டும் எழும் சர்வர் ஏதோ ஒரு பழைய தேதியில் விழித்துக்கொள்ளும். விண்டோஸில் டபிள்யூ32டிஎம் கட்டளையும் லினக்ஸில் குரோனிசி கட்டளையும் நேரம் எங்கிருந்து பெறப்படுகிறது என்பதைக் காட்டும். திரையில் மணி சரியாகத் தெரிகிறதே என்று நம்பிவிடவும் கூடாது: நேர மண்டலம் லண்டனுக்கு அமைந்திருக்க, யாரோ ஒருவர் மணியை மட்டும் கையால் இந்திய நேரத்துக்குத் திருத்தியிருந்தால், உள்ளே கணக்கிடப்படும் உலக நேரம் மணிக்கணக்கில் பிசகியிருக்கும்.

லினக்ஸ் கணக்குகளில், ஃபெயில்லாக் கட்டளை தோல்வியுற்ற முயற்சிகளைக் காட்டும். இயல்பான அமைப்பில் 3 தவறுகளுக்குப் பிறகு 600 விநாடி பூட்டு விழும். கணக்கோ கடவுச்சொல்லோ காலாவதியாகியிருக்கிறதா என்பதைச் சேஜ் கட்டளையில் அறியலாம். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் சாவி நேற்றுவரை வேலை செய்து இன்று மறுக்கப்பட்டால், ஹோம் கோப்புறையின் அனுமதிகளை யாரோ 777 (எல்லோரும் எழுதலாம்) என்று திறந்துவிட்டிருப்பார்கள். பிறர் எழுதக்கூடிய கோப்புறையில் இருக்கும் சாவியை எஸ்எஸ்ஹெச் சர்வர் நம்பாது. ஹோமில் பிறரின் எழுதும் அனுமதியை நீக்கி, எஸ்எஸ்ஹெச் கோப்புறைக்கு 700, சாவிக் கோப்புக்கு 600 என்று அமைத்தால் போதும்.

டிஸ்க் நிரம்பினாலும் லாகின் தடுமாறும். டிஎஃப் கட்டளை இடம் மீதமிருப்பதாகக் காட்டியும் புதிய கோப்பை உருவாக்க முடியவில்லை என்றால், ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் பதிவுகள்) தீர்ந்திருக்கக்கூடும். அதே கட்டளையை "-i" என்ற விருப்பத்துடன் இயக்கிப் பாருங்கள். லட்சக்கணக்கான சிறு செஷன் கோப்புகள் குவிந்த கோப்புறைதான் வழக்கமான குற்றவாளி. இதற்கு நேர்மாறாக, பெரிய லாக் கோப்பை அழித்த பின்பும் இடம் திரும்பாமல் இருப்பதுண்டு. அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் விடும்வரை கோப்பின் இடம் விடுபடாது. அது எந்தப் புரோகிராம் என்பதை எல்எஸ்ஓஎஃப் காட்டும், அதை மறுதொடக்கம் செய்தால் இடம் கிடைத்துவிடும். அடுத்த முறை கோப்பை அழிக்காமல், ட்ரங்கேட் கட்டளையால் அதன் உள்ளடக்கத்தை மட்டும் காலிசெய்யுங்கள்.