ஆஷ்விட்ஸிலிருந்து தப்பியவர்களின் வாக்குமூலத்தை வாசிப்பது எப்படி?

வதைமுகாமிலிருந்து தப்பி வந்தவர்களின் வாக்குமூலத்தைப் பலரும் சாகசக் கதையாகவே வாசித்துவிடுகிறார்கள். ருடால்ஃப் விர்பா, ஆல்ஃபிரட் வெட்ஸ்லர் என்ற ஸ்லோவாக்கிய யூதர் இருவர் 1944 ஏப்ரலில், ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த போலந்தில் நாஜிக்கள் நடத்திய ஆஷ்விட்ஸ்-பிர்க்கெனா வதைமுகாமிலிருந்து தப்பியதைப் படிக்கத் தொடங்குமுன், ஒரு தாளில் முகாமை வரைந்துகொள்ளுங்கள்.

உள்வட்டம் மின்வேலி, இரவில் கைதிகளை அதற்குள் அடைத்துவிடுவார்கள். வேலைத்தளங்களையும் சேர்த்து வளைத்த வெளிவட்டத்தில் வழக்கமாகப் பகலில் மட்டுமே காவல். மாலைக் கணக்கெடுப்பில் தலைக்கணக்கு சரியாக இருந்தால் வெளிக்காவலர்கள் திரும்பிவிடுவார்கள். ஆள் குறைந்தால் மூன்று பகலும் மூன்று இரவும் அங்கேயே நின்று தேடிவிட்டு, அதன் பிறகே விலகுவார்கள். இந்த விதி மனத்தில் பதியாமல் மேலே படித்துப் பயனில்லை.

இப்போது இரு வட்டங்களுக்கும் நடுவே, கைதிகள் 'மெக்சிகோ' என்று அழைத்த, கட்டி முடியாத பகுதியில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே அடுக்கியிருந்த மரப்பலகைகளுக்கு உள்ளே இருந்த பொந்தில் ஏப்ரல் 7 அன்று இருவரும் இறங்க, உடனிருந்த கைதிகள் மேலே பலகையை இழுத்து மூடினார்கள். பெட்ரோலில் ஊறவைத்து உலர்த்திய ரஷ்யப் புகையிலையைச் சுற்றிலும் தூவினார்கள். மோப்ப நாய்களை ஏமாற்ற ஒரு சோவியத் போர்க்கைதி கற்றுக்கொடுத்த உத்தி அது. தேடி வந்தவர்கள் அடுக்கின் மேலேறிச் சில பலகைகளை அகற்றிவிட்டுப் பாதியில் போனதாக விர்பா நினைவுகூர்ந்திருக்கிறார். ஏப்ரல் 10 இரவு வெளியேற முயன்றபோது எஞ்சிய பலகைகளே எளிதில் அசையவில்லையாம். தேடியவர்கள் அகற்றியிராவிட்டால் உள்ளேயே சிக்கியிருப்பார்கள். நடந்தே போன இருவரும் ஏப்ரல் 21 அன்று ஸ்லோவாக்கிய எல்லையைக் கடந்தார்கள்.

அடுத்து, ஒவ்வொரு தகவலுக்கும் 'இது இவருக்கு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். விர்பா வந்திறங்கியவர்களின் உடைமைகளைப் பிரிக்கும் 'கனடா' பிரிவில் வேலை செய்து, பின்னர் தனிமைப்படுத்தும் பகுதியில் எழுத்தரானவர்; வெட்ஸ்லர் பிணவறையில் எழுத்தராக இருந்தவர். ஸ்லோவாக்கியாவின் ஷிலினா நகரில் யூத அமைப்பினர் இருவரையும் தனித்தனி அறைகளில் விசாரித்தே, முகாமில் நடந்தவற்றைச் சொல்லும் அறிக்கையைத் தயாரித்தார்கள். ஒத்துப்பார்க்கும் அந்த முறையை நாமும் பின்பற்றலாம்.

எண்களில் மட்டும் நிதானம் வேண்டும். அறிக்கை 17 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. இன்றைய வரலாற்றாய்வாளர்களோ முகாமின் முழுக் காலத்துக்கும் சுமார் 11 லட்சம் பேர், அவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் யூதர்கள் என்கிறார்கள். வந்த ரயில்களை நினைவில் வைத்துப் போட்ட கணக்கில் இந்த இடைவெளி விழுந்ததைக் காட்டி, நடந்ததையே மறுப்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

கடைசியாகத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அறிக்கை ஏப்ரல் இறுதியில் தயாரானது. மே 15 முதல் ஜூலை 9 வரை ஹங்கேரியிலிருந்து 4.3 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஆஷ்விட்ஸுக்கு. ரயிலேறியவர்களுக்கு அந்த எச்சரிக்கை ஏன் எட்டவில்லை என்ற கேள்வியை, 2006இல் மறையும்வரை விர்பா விடவேயில்லை.