செவன் கார்டு ஸ்டட்: எதிராளியின் சீட்டைப் பார்த்து ஆடும் போக்கர்

போக்கர் என்றால் இன்று பலருக்கும் டெக்சாஸ் ஹோல்டம்தான். அது அமெரிக்கா முழுக்கப் பரவுவதற்கு முன்னால் அங்கே, அதுவும் அட்லாண்டிக் சிட்டி இருக்கிற கிழக்குக் கரைப் பக்கம், அதிகம் ஆடப்பட்டது செவன் கார்டு ஸ்டட். எனக்கு இன்றும் இதுதான் உசத்தி, ஏனென்றால் ஒருவருக்குப் போடும் ஏழு சீட்டில் நான்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி திறந்தே கிடக்கும், அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆட்டம் தானாகப் பிடிபடும்.

ஜோக்கர் எடுத்த ஒரு கட்டு, இரண்டு முதல் எட்டு பேர், பந்தயம் வைக்க ஆளுக்கு நூற்றைம்பது புளியங்கொட்டை. காசு வேண்டாம், கொட்டையை வைத்தே முழுசாகக் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் எது பெரிது என்பது. கீழிருந்து மேலாக: தனிச் சீட்டு, ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண் மூன்று, வரிசையாக ஐந்து, ஒரே பூவில் ஐந்து, ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்றும் ஒரு ஜோடியும்), ஒரே எண் நான்கு, கடைசியாக ஒரே பூவில் வரிசையாக ஐந்து. மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்: அதில் சீக்வென்ஸ் (வரிசை) கலரை (ஒரே பூ) அடிக்கும், போக்கரில் கலர்தான் சீக்வென்ஸை அடிக்கும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். எல்லோரும் ஆளுக்கு ஒரு கொட்டை நடுவில் போட்டதும், ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் போடுங்கள். திறந்த சீட்டில் யாருடையது மிகச் சிறியதோ அவர் கட்டாயம் இரண்டு கொட்டை வைத்து ஆரம்பிக்க வேண்டும். ஏஸ் இங்கே பெரிய சீட்டு. ஒரே எண் இருவருக்கு வந்தால் பூவைப் பார்க்க வேண்டும், கிளாவர்தான் சின்னது, அப்புறம் டைமண்ட், ஹார்ட்டின், ஸ்பேடு. அவருக்கு இடப்பக்கம் இருப்பவரிலிருந்து ஒவ்வொருவராக, அதே அளவு வைக்கலாம், நான்காக ஏற்றலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

அடுத்து ஒவ்வொன்றாக மூன்று சீட்டு திறந்து விழும், ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு சுற்றுப் பந்தயம். இனி முதலில் பேசுவது சின்னச் சீட்டுக்காரர் இல்லை, திறந்து கிடப்பதில் யாருடையது பெரிதோ அவர். அவர் எதுவும் வைக்காமல் 'செக்' என்றும் சொல்லலாம். நான்காவது சீட்டு வரைக்கும் பந்தயம் நான்கு நான்காக, ஐந்தாவதிலிருந்து எட்டு எட்டாக. அதனால் சந்தேகமான கையை வைத்துக்கொண்டு ஐந்தாவது சீட்டுக்குப் போகாதீர்கள், அங்கிருந்துதான் விலை ஏறுகிறது. ஏழாவது சீட்டு கவிழ்த்து வரும், கடைசிச் சுற்று முடிந்ததும் மிச்சம் இருப்பவர்கள் காட்டி, ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்வார்கள். எட்டு பேரும் கடைசி வரை நின்றால் 56 சீட்டு வேண்டும், கட்டில் 52தானே, அப்போது ஏழாவது சீட்டாக ஒன்றை மட்டும் நடுவில் திறந்து வைத்தால் அது எல்லோருக்கும் பொது. பெரும்பாலும் யாராவது ஒதுங்கிவிடுவார்கள் என்பதால் இது அபூர்வம்.

இப்போது முக்கியமான இடம். உங்களுக்கு மூன்றும் ஹார்ட்டின் வந்திருக்கிறது என்று வையுங்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கை வைப்பதற்கு முன்னால் மேசையைச் சுற்றிப் பாருங்கள். கட்டில் மொத்தம் 13 ஹார்ட்டின், உங்களிடம் மூன்று போக மிச்சம் பத்து. மற்றவர்கள் முன்னால் நான்கு ஹார்ட்டின் திறந்து கிடந்தால் உங்களுக்கு வரக்கூடியது ஆறுதான், அந்தக் கையை விட்டுவிடுவதே நல்லது. எதுவுமே கண்ணில் படவில்லையென்றால் அதே கை தைரியமாக ஆடக்கூடியது. கவிழ்த்த இரண்டும் ஒன்பதாக இருந்து, இன்னொருவர் முன்னால் ஒரு ஒன்பது திறந்திருந்தாலும் இதே கணக்குதான், உங்களுக்கு உதவ ஒரே ஒரு ஒன்பதுதான் பாக்கி. முதல் மூன்றுமே ஒரே எண்ணாக வந்து விழுவது 425 முறையில் ஒரு முறை, அதற்காகக் காத்திருந்து ஆட முடியாது. பெரிய ஜோடி, மற்றவர்கள் முன்னால் அதிகம் போய்விடாத ஒரே பூவில் மூன்று, தொடர்ச்சியான பெரிய மூன்று சீட்டு, இவைதான் அன்றாடம் ஆடக்கூடியவை.

சிக்கல் என்னவென்றால், ஒருவர் ஒதுங்கியதும் அவருடைய திறந்த சீட்டும் கவிழ்ந்துவிடும், திரும்பக் காட்டச் சொல்ல முடியாது. அது உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கும். நான் ஆரம்பத்தில் என் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்து, ஏற்கெனவே போய்விட்ட ஒரு குயினுக்காகக் கடைசி வரை கொட்டை வைத்துத் தோற்றிருக்கிறேன்.

இதற்கு வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். ஏழு சீட்டைத் திறந்து வரிசையாக வையுங்கள், பத்து எண்ணும் வரை பாருங்கள், பிறகு கவிழ்த்துவிட்டு எண்ணும் பூவும் சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொல்ல வந்த பிறகு, எதெல்லாம் இன்னும் கட்டில் மிச்சம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.